வேம்பு சோளகக் காத்துக்கு நிண்டது, வாடைக்கு நிக்குமோ?

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, கோண்டாவிலில 3 பரப்புக் காணியில தனிய இருக்கிறன். வடக்கு எல்லையோட என்ர மாமனார் நட்ட வேம்பு நிக்குது, 60 வயசுக்கு மேல இருக்கும், அடியில வைரவர் சூலம் வச்சு சுத்திவர சீமெந்து மேடை கட்டியிருக்கு. இந்த வருஷம் தைக்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரர் வேலியை எடுத்துப்போட்டு மதில் கட்டினவர், அத்திவாரம் வெட்டேக்க வேம்பின்ர வேர் கனக்க வெட்டுப்பட்டது. தண்டில ஒரு பொந்தும் இருக்கு, கிளி குடியிருக்கு. நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனில இருந்து வந்து நிக்கிற மகன், வேர் வீட்டைப் பிளந்துபோடும், போர்ட்டிக்கோவில வெடிப்பு வந்திட்டுது, தான் திரும்பிப் போக முதல் வேம்பு, பலா, கிணத்தடி மாமரம் எல்லாத்தையும் தறிக்கவேணும் எண்டுறார். மரம் வெட்டுறவர் ஒருத்தர் வந்து பாத்திட்டு, தறிக்கத் தேவையில்லை, பாதியோட மொட்டையடிச்சு பொந்துக்கு சீமெந்து அடிச்சு விடலாம் எண்டு 45 ஆயிரம் கேட்டார். இந்தச் சோளகத்துக்கே அசையாமல் நிண்ட மரம், எனக்கு மனம் வரேல்லை. பக்கத்து வீட்டுக்காரரும் தன்ர கூரைப் பீலிக்குள்ள சருகு விழுகுது எண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு திரியிறார். என்ன செய்ய? அளவுகளும் படங்களும் வேறயா அனுப்பியிருக்கிறன்.

பதில்:

ரீச்சர், உங்கட கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சன், படம் ஆறையும் போனில பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பாத்தன். முதலே ஒண்டு சொல்லிப்போடுறன், மகனும் சரியில்லை, மரம் வெட்டுறவரும் சரியில்லை, நீங்களும் முழுக்கச் சரியில்லை. குறை விளங்காதேங்கோ. "இந்தச் சோளகத்துக்கே அசையாமல் நிண்ட மரம்" எண்டு எழுதியிருக்கிறீங்கள் பாருங்கோ, அந்த ஒரு வசனம்தான் எனக்கு வயித்தைக் கலக்கினது.

சோளகம் எந்தப் பக்கத்தால அடிக்குது? தெற்கு, தென்மேற்கால. வைகாசி தொடங்கி ஆவணி மட்டும் அது உங்கட வேம்பை வடக்கால, மதில் பக்கமாத் தள்ளிக்கொண்டு நிக்கும். ஒரு மரத்தைக் காத்துத் தள்ளேக்க அதைப் பிடிச்சு வச்சிருக்கிறது பெரும்பாலும் காத்து வாற பக்கத்து வேர், கொடிக்கம்பத்துக்குக் கட்டின இழுவைக் கயிறு மாதிரி. அப்ப சோளகத்துக்கு இழுத்துப் பிடிக்கிறது தெற்குப் பக்கத்து வேர், அது உங்கட முத்தத்துக்குள்ள ஒருத்தரும் கை வைக்காமல் வடிவாக் கிடக்கு, மண்ணும் அந்த மாசங்களில காஞ்சு இறுகி அலவாங்கு போட்டாலும் தெறிக்கும். அது நிக்கும்தானே, நிக்காமல் என்ன செய்யும்.

இனி ஐப்பசி கடைசி, கார்த்திகை, மார்கழியை நினைச்சுப் பாருங்கோ. காத்து வடகிழக்கால வரும், அதுதான் வாடை. இப்ப இழுத்துப் பிடிக்கவேண்டியது வடக்குப் பக்கத்து வேர், அதைத்தான் மதில் அத்திவாரத்துக்கு வெட்டிப்போட்டினம். மண் ஊறிச் சேறாக் கிடக்கும், ஊறின மண் வேரைப் பிடிக்கிற பிடி காஞ்ச மண்ணின்ர பிடியில்லை. மரம் சரிஞ்சால் சரியிறது தெற்கால, அங்க உங்கட வீடு. மரத்துக்கும் வீட்டுக்கும் 18 அடி எண்டு எழுதியிருக்கிறீங்கள், மரம் 45 அடி உயரம் எண்டால் மிச்சக் கணக்கை உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. இன்னொண்டு, காத்தின்ர வேகம் ரெண்டு மடங்கானால் மரத்தில விழுற விசை ரெண்டு மடங்கில்லை, நாலு மடங்கு. 1964 மார்கழிப் புயலை நீங்க சின்னப்பிள்ளையாக் கண்டிருப்பீங்கள், 2008 இல நிஷா, 2020 இல புரெவி, எல்லாம் கார்த்திகை மார்கழியிலதான் வந்தது. ஆனபடியால் சோளகத்தில வேம்பு பாஸ் பண்ணினது வேற பாடத்தில, வாடைச் சோதினை இன்னும் எழுதேல்லை. மதில் எழும்பினது போன தைக்குப் பிறகுதானே, அப்ப வேர் வெட்டுப்பட்டு வாற முதல் மாரி இதுதான்.

இனி வேர் எவ்வளவு போயிருக்கும் எண்ட கணக்குக்கு வாறன். நெஞ்சளவு உயரத்தில சுத்தளவு 8 அடி எண்டு அளந்து எழுதியிருக்கிறீங்கள், நல்ல வேலை, ஆக்கள் அனேகமா "ரெண்டு பேர் கட்டிப்பிடிக்கலாம்" எண்டுதான் எழுதுவினம். சுத்தளவு 8 அடி எண்டால் குறுக்களவு ரெண்டரை அடி. மரப் பராமரிப்புப் படிச்ச ஆக்கள் வச்சிருக்கிற ஒரு கணக்கு இருக்கு, குறுக்களவைப் போல 12 மடங்கு தூரம் மட்டும் சுத்திவர இருக்கிற மண் மரத்தின்ர சொத்து, ஏலுமானமட்டும் அதுக்குள்ள கை வைக்கக்கூடாது. உங்கட வேம்புக்கு அது 30 அடி. எங்கட ஊரில 3 பரப்புக் காணிக்குள்ள 30 அடி விடு எண்டு சொன்னால் சிரிப்பினம், எனக்கும் தெரியும். அதுக்காக அடியோட ஒட்டி வெட்டலாம் எண்டில்லை, குறுக்களவைப் போல 3 மடங்கு தூரத்துக்குள்ள நீட்டுக்கு ஒரு கிடங்கு வெட்டினால் அது மரத்தின்ர காலை வெட்டின மாதிரி. 3 மடங்கு எண்டால் ஏழரை அடி. மதில் நிக்கிறது 7 அடியில.

கன பேர் நினைக்கிறது வேம்புக்கு ஆணிவேர் பாதாளம் மட்டும் போயிருக்கும், பக்கத்து வேர் போனால் என்ன எண்டு. எங்கட குடாநாட்டில செம்மண் கொஞ்ச ஆழம்தான், கீழ சுண்ணாம்புக்கல்லு, கிணறு வெட்டினவையைக் கேட்டால் சொல்லுவினம் எத்தினை அடியில கல்லு தட்டினது எண்டு. கல்லில வெடிப்பு இருந்தால் ஒண்டு ரெண்டு வேர் அதுக்குள்ளால இறங்கும், தண்ணியையும் தேடிப் பிடிக்கும், ஆனால் மரத்தைத் தாங்குற மொத்த வேர் எல்லாம் மேல் ரெண்டு மூண்டு அடிக்குள்ள தோசைக்கல்லு மாதிரி அகலமாத்தான் பரவிக் கிடக்கும். புயலில விழுந்த பெருமரம் ஒண்டின்ர அடியைப் போய்ப் பாருங்கோ, வட்டமா ஒரு மண் தட்டு நிமிந்து நிக்கும், ஆழமில்லை.

அதால முதல் வேலை, மதில் கட்டின மேசனைப் பிடியுங்கோ. அவருக்கு ஞாபகம் இருக்கும். அவரிட்டக் கேக்கவேண்டிய கேள்வி ஒண்டே ஒண்டுதான், வேர் வெட்டக் கத்தி காணுமா இருந்ததோ, கோடாலி எடுத்தனீங்களோ? கத்தியோட முடிஞ்சதெண்டால் விரல் மொத்த வேர், மரம் அதைத் தாங்கும். கோடாலி எடுத்தவை, அதுவும் ரெண்டு மூண்டு இடத்தில எண்டால் கை மொத்தம் தொடை மொத்தம் வேர் போயிருக்கு, அது இழுவைக் கயிறு அறுந்த மாதிரி.

ரெண்டாவது வேலை உங்களுக்கு விருப்பமில்லாத வேலை. வைரவர் மேடை. உங்கட நாலாவது படத்தில தண்டு சீமெந்துக்குள்ளால தந்திக்கம்பம் மாதிரி நேரா எழும்பி நிக்குது. ஒரு மரம் நிலத்தில இறங்கிற இடத்தில யானைக்கால் மாதிரி விரிஞ்சு வேராப் பிரியவேணும், அந்த விரிவு தெரியேல்லை எண்டால் மூடிப்போட்டினம் எண்டு அர்த்தம். மேடைக்குள்ள போட்ட மண்ணும் சீமெந்தும் பட்டையை வருஷம் முழுக்க ஈரமா வச்சிருக்கும், விளக்குக்கு ஊத்துற எண்ணெய், தண்ணி, பூ எல்லாம் அதுக்குள்ளதான் போகும், பட்டை மூச்சு விட ஏலாமல் உக்கத் தொடங்கும், வெளியால ஒண்டும் தெரியாது. அந்தப் படத்திலயே சீமெந்து விளிம்போட மண்ணிறமா தட்டு மாதிரி ஒண்டு ஒட்டிக்கொண்டு இருக்கு. அது காளானா, காஞ்ச சாணியா, இல்லை எண்ணெய்ப்பிசுக்கா எண்டு படத்தில எனக்குப் பிடிபடேல்லை. ஒருக்கா நகத்தால குத்திப் பாருங்கோ. மரக்கட்டை மாதிரி இறுகி, மேல பளபளப்பா, கீழ்ப்பக்கம் வெள்ளையா இருந்து அந்த வெள்ளையைக் கீற மண்ணிறமா மாறினால் அது வேர் உக்கவைக்கிற காளான், அடியில வந்திருக்கெண்டால் உள்ளுக்க கன காலமா வேலை நடக்குது, அப்ப நான் கீழ எழுதுற வைத்தியம் ஒண்டும் தேவையில்லை, தறிக்கிற கதையைத்தான் கதைக்கவேணும்.

சூலத்தை ஒண்டும் செய்யச் சொல்லேல்லை. ஐயரைக் கேட்டு ஒரு நல்ல நாள் பாத்து, ஒரு பொங்கல் பொங்கி, 5 அடி தள்ளித் தெற்கால ஒரு சின்னக் கல்லில வையுங்கோ, வைரவர் காவல் தெய்வம்தானே, மரத்தைக் காப்பாத்தக் கொஞ்சம் தள்ளி நிண்டால் கோவிக்கமாட்டார். பிறகு மேடையைச் சுத்தியலால மெல்ல மெல்ல உடையுங்கோ, அலவாங்கைத் தண்டில சாத்தி நெம்ப விடாதேங்கோ. மண்ணைக் கையாலயும் தும்புக்கட்டையாலயும் எடுங்கோ, மண்வெட்டி வேண்டாம். வேர் விரியிற இடம் தெரிஞ்ச உடன ஒரு மரச் சுத்தியலால சுத்திவரத் தட்டிக் கேளுங்கோ. நல்ல மரம் "டொக் டொக்" எண்டு இறுக்கமாச் சொல்லும், கோறை எண்டால் மேளம் மாதிரிக் கேக்கும், ரீச்சருக்கு அந்த வித்தியாசம் பிடிபடும்.

பொந்துக் கதைக்கு வாறன். பொந்திருந்தால் மரம் சாகப்போகுது எண்டில்லை. மரத்துக்கு உயிர் இருக்கிறது பட்டைக்குக் கீழ உள்ள வெளிச்சுத்தில, நடு வைரம் உக்கினாலும் அது பாட்டுக்கு இலை விடும், குழாய் மாதிரி நிக்கவும் செய்யும். கேள்வி என்னெண்டால் குழாயின்ர சுவர் எவ்வளவு தடிப்பு. ஆரையில மூண்டில ஒரு பங்கு நல்ல மரம் சுத்திவர இருந்தால் பெரும்பாலும் பயமில்லை எண்டுறது ஒரு பொதுவான அளவு, உங்கட வேம்புக்கு ஆரை 15 இஞ்சி, அப்ப 5 இஞ்சி. பொந்துக்குள்ளால ஒரு மெல்லிய கம்பியை விட்டுக் குத்திப் பாத்து உக்கின பகுதி எங்க முடியுது எண்டு மட்டுக்கட்டலாம். கிளிக்குஞ்சு இருந்தால் அது பறக்கும் வரைக்கும் விடுங்கோ. சீமெந்து மட்டும் அடிக்க விடாதேங்கோ. மரம் காத்துக்கு வளையும், சீமெந்து வளையாது, ரெண்டும் உரஞ்சி உரஞ்சி நல்ல சுவரையும் தின்னும், இடைவெளிக்குள்ள தண்ணி நிண்டு உக்கல் கூடும். இருவது வருஷம் கழிச்சு அதைத் தறிக்க வாறவனின்ர வாளையும் உடைக்கும். பொந்துத் தண்ணி வடிய எண்டு கீழ துளை போடுறதும் பிழை. மரத்துக்கு எங்கள மாதிரிக் காயம் ஆறுறதில்லை, அது உக்கின பகுதியைச் சுத்தி ஒரு மதிலைக் கட்டி உள்ளுக்க அடைச்சு வச்சிட்டுப் புது மரத்தை வெளியால வளக்கும். அலெக்ஸ் சைகோ எண்ட அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சியாளர் ஆயிரக்கணக்கான மரங்களை நீட்டுக்கு அறுத்துப் பாத்து 1970களில இதை விளங்கப்படுத்தினவர். நீங்க துளை போட்டால் மரம் கஷ்டப்பட்டுக் கட்டின அந்த மதிலை உடைக்கிறீங்கள். வெட்டின வாயில தார், பெயின்ற், சாணி பூசுறதும் அதே மாதிரித்தான், பூசாமல் விடுங்கோ.

மொட்டையடிக்கிறதைப் பற்றிச் சொல்ல வெளிக்கிட்டால் எனக்குக் கோவம் வரும். விவசாயப் போதனாசிரியரா இருந்த காலத்தில இருந்து இதைத்தான் கத்திக்கொண்டு திரியிறன். இலைதான் மரத்தின்ர அடுப்படி. வேர் வெட்டுப்பட்டு ஏற்கனவே பசியில நிக்கிற மரத்தின்ர அடுப்படியையும் இடிச்சால் புது வேர் விட அதுக்கு எங்கால பலம்? வேம்பு சும்மா விடாது, ஆறு மாசத்தில வெட்டின மூளியைச் சுத்திக் கத்தை கத்தையாத் தளிர் விடும், உடன எல்லாரும் "பாத்தியளே, மரம் நல்லாத் தளைச்சிட்டுது" எண்டுவினம். அந்தத் தளிர் ஒண்டும் பழைய கொப்பு மாதிரி உள்ளுக்கால வேரூண்டி வந்ததில்லை, வெளித்தோலில ஒட்டிக்கொண்டு நிக்கிறது, கீழ மூளி உக்கிக்கொண்டு போகும் மேல தளிர் பாரமாகிக்கொண்டு போகும், நாலைஞ்சு வருஷத்தில சாதாரணக் காத்துக்கே பிளந்துகொண்டு வரும். 45 ஆயிரம் குடுத்து இண்டைக்கு ஒரு ஆபத்தை அஞ்சு ஆபத்தாக்கிறது.

செய்யவேண்டியது வேற. உயரத்தையும் அகலத்தையும் நுனியால கொஞ்சம் குறைக்கிறது, பாய்க்கப்பலில பாயைச் சுருக்கிற மாதிரி. நீண்ட கொப்பை எங்க வெட்டுறது எண்டால், பக்கத்தால போற ஒரு கொப்பு இருக்கிற இடத்தில, அந்தப் பக்கக்கொப்பு வெட்டுற கொப்பின்ர மொத்தத்தில மூண்டில ஒண்டாவது இருக்கவேணும், அப்பதான் அது பொறுப்பை எடுத்து நுனியா வளரும். பச்சை இலையில அஞ்சில ஒரு பங்குக்கு மேல போகப்படாது, பட்ட கொப்பு எல்லாத்தையும் எடுக்கலாம், கூரைக்கு மேல நீட்டிக்கொண்டு நிக்கிற அந்த ஒரு தெற்குக் கொப்பை முதல் பாருங்கோ. பெரிய கொப்பு எண்டால் மூண்டு வெட்டு. தண்டில இருந்து ஒரு அடி தள்ளிக் கீழ்ப்பக்கத்தால மூண்டில ஒரு பங்கு, பிறகு அதுக்குக் கொஞ்சம் வெளியால மேலால வெட்டிக் கொப்பை விழுத்துறது, கடைசியா மிஞ்சின மூளியை எடுக்கிறது. கீழ் வெட்டுப் போடாமல் மேலால மட்டும் வெட்டினால் பாரத்தில கிழிஞ்சு தண்டின்ர பட்டையை முழங்கால் மட்டும் உரிச்சுக்கொண்டு இறங்கும். கடைசி வெட்டு தண்டோட ஒட்டவும் கூடாது, நீட்டி விடவும் கூடாது, கொப்பு வெளிக்கிடுற இடத்தில மோதிரம் போட்ட மாதிரி ஒரு தடிப்பு இருக்கும், அதுக்கு வெளியால. உங்கட பொந்தைப் பாருங்கோ, ஆரோ 20, 30 வருஷத்துக்கு முதல் ஆட்டுக்குக் குழை வெட்டேக்க மோதிரத்தையும் சேத்து வழிச்சு எடுத்ததால வந்ததுதான் அது, படத்தில வெட்டின முகம் இன்னும் தட்டையாத் தெரியுது.

இதுக்கெல்லாம் நேரம் இப்பதான், ஆவணி கடைசி புரட்டாதி. மழை தொடங்கினால் வெட்டின வாயில பூஞ்சணம் பிடிக்கும், ஆக்களும் வழுக்குற மரத்தில ஏறக்கூடாது. நல்லூர்த் தேர் தீர்த்தம் முடியுமட்டும் ஆளைப் பிடிக்கிறது கஷ்டம், எண்டாலும் இப்பவே சொல்லி வையுங்கோ.

ஆளைப் பிடிக்கேக்க கூலியைக் கேக்க முதல் ஒரு கேள்வி கேளுங்கோ, "கொப்பை எப்பிடி இறக்குவீங்கள்?" கயிறு கட்டி, மேல கொப்புப் பிரியிற கவரில போட்டு, கீழ ஒராள் பிடிச்சு மெல்ல இறக்குவம் எண்டு சொல்லுறவரை வச்சிருங்கோ. "அது அப்பிடியே விழும் அம்மா" எண்டுறவரை வாசலோட அனுப்புங்கோ. ஏணியில நிண்டு மெசின் வாள் பிடிக்கிறவரையும் அனுப்புங்கோ. ஒழுங்கைப் பக்கத்துக் கொப்பு மின்சார லைனுக்குக் கிட்ட நிக்குது, ரெண்டாவது படத்தில வடிவாத் தெரியுது, அதைத் தொட வேண்டாம், மின்சாரக் கந்தோருக்குச் சொல்லி லைனை நிப்பாட்டின பிறகுதான் வேலை. பச்சைக் கொப்பு கரண்டைக் கடத்தும், மழை ஈரம் எண்டால் சொல்லத் தேவையில்லை. மாங்காய் பிடுங்க அலுமினியக் கொக்கைத்தடியோட லைனுக்குக் கிட்டப் போய் அநியாயமாப் போன உயிர்கள் எங்கட பக்கத்தில இருக்கு, இது சும்மா பயங்காட்டுறதுக்குச் சொல்லேல்லை.

இன்னொரு விஷயம், வேற ஊர்ப் புத்தகங்களில அனேகமா இருக்காது. 60 வருஷ மரம் எண்டால் அது சண்டைக்காலம் முழுக்க நிண்ட மரம். வளவுக்குள்ள, ஒழுங்கையில செல் விழுந்ததோ எண்டு ஞாபகப்படுத்திப் பாத்து வெட்டுறவரிட்டச் சொல்லுங்கோ. எங்கட மரக்காலையளில வேம்பு கொண்டு போனால் விலை சொல்ல முதல் எந்தப் பக்கத்து மரம் எண்டுதான் கேப்பினம், செல் துண்டும் சன்னமும் வாளைத் தின்னும் எண்ட பயம். ஒருக்கா ஒரு இலுப்பை, நான் கீழ நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன், வாள் திடீரெண்டு கீச்செண்டு கத்தி, நெருப்புப்பொறி பறந்து, சங்கிலி அறுந்து அந்தப் பொடியன்ர காற்சட்டையைக் கிழிச்சுக்கொண்டு போனது, கால் தப்பினது தெய்வச் செயல். பிறகு கிண்டிப் பாத்தால் பெருவிரல் நகமளவு இரும்பு, அதைச் சுத்தி மரம் நீலக்கறுப்பா மாறிக் கிடந்தது. பட்டையில காரணமில்லாத வீக்கம், கறுத்த கோடு இருந்தால் அதில சோக்கால ஒரு வட்டம் போட்டு விடுங்கோ. பழைய வேலிக்கம்பி, உடுப்புக் காயப்போட அடிச்ச ஆணி, எல்லாம் இப்ப மரத்துக்குள்ளதான் இருக்கும்.

லண்டன் மகனிட்ட இதைச் சொல்லுங்கோ, அவர் பயப்பிடுறதில நியாயம் இருக்கு, ஆனால் அது லண்டனுக்கான நியாயம். அங்க கன இடங்களில கீழ இருக்கிறது களி, காஞ்சால் சுருங்கும் நனைஞ்சால் ஊதும், மரம் தண்ணியை உறிஞ்ச களி சுருங்கி அத்திவாரம் இறங்கும், 1976 வறட்சியில அங்க வீடு வீடா வெடிச்சதுக்குப் பிறகுதான் இன்சூரன்ஸ்காரருக்கு மரம் எண்டாலே காய்ச்சல். உங்கட கோண்டாவில் செம்மண் அப்பிடிச் சுருங்குற மண்ணில்லை, கீழ கல்லு. போர்ட்டிக்கோ வெடிப்பு படத்தில நேர்கோடா, பழைய வீட்டுச் சுவரும் பிறகு கட்டின போர்ட்டிக்கோவும் சந்திக்கிற இடத்தில மேலயிருந்து கீழ ஓடுது, அது ரெண்டு காலத்து அத்திவாரம் ரெண்டு விதமா இறங்கினது, வேம்பு பாவம். வேர் மெல்லிய சீமெந்து நிலத்தையும் மதிலையும் கிளப்பும், கக்கூஸ் குழியில வெடிப்பிருந்தால் உள்ளுக்க போகும், அவ்வளவுதான். சுவரில அரச மரக் கண்டு முளைச்சிருந்தால் அதை மட்டும் விரல் அளவா இருக்கேக்கயே பிடுங்குங்கோ, அது வேற சாதி.

பலாவில கைவைக்க ஒரு காரணமும் இல்லை, அதோட அது நினைச்ச உடன தறிக்கிற மரமும் இல்லை. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தில பலா, ஈரப்பலா, பெண் பனை மூண்டுக்கும் அனுமதி வேணும், விதானையாரிட்ட, அதுதான் கிராம அலுவலரிட்ட, போய்ப் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம் போடவேணும். வேம்பையே தறிக்கிறதெண்டு முடிவானாலும் கட்டையை லொறியில ஏத்த முதல் விதானையாரிட்ட ஒரு வார்த்தை கேளுங்கோ, வழியில மறிச்சால் பேர்மிற் கேப்பினம்.

மாமரம் கறுத்தக்கொழும்பானோ, எழுதேல்லை. காய் முடிஞ்சுதுதானே, கிணத்துக்கு மேல சரிஞ்ச கொப்பை இப்ப எடுக்கலாம். தண்டு ரெண்டாப் பிரியிற கவரைப் பாருங்கோ. இங்கிலீசு U எழுத்து மாதிரி அகலமா இருந்தால் நல்லது, ரெண்டும் ஒட்டிக்கொண்டு இடையில பட்டை உள்ளுக்க மடிஞ்சு கிடந்தால் அந்த இடம் ஒருநாள் பிளக்கும், பாரமான பக்கத்தைக் குறைச்சு வையுங்கோ. மற்றப்படி அதை விடுங்கோ.

பக்கத்து வீட்டுக்காரரிட்ட வேர் வெட்டின கதையோட போகாதேங்கோ. இணக்க சபை இருக்கு, தேவையெண்டால் போகலாம், ஆனால் முதல் மகனைக் கூட்டிக்கொண்டு போய் "மரத்தை நுனியால குறைக்கப் போறம், உங்கட பக்கத்துக் கொப்பும் சேத்துத்தான், உங்கட பக்கத்தில ஒருநாளைக்கு ஆக்கள் வந்து நிக்கவேணும்" எண்டு கேளுங்கோ. பீலிக்காரருக்கு அது கேக்க நல்லாயிருக்கும். மதில் கட்டுற மற்ற ஆக்களுக்கும் இதில சொல்லுறன், மரத்துக்குக் கிட்ட வரேக்க நீட்டுக்கு அத்திவாரம் வெட்டாமல் அங்கங்க தூண் குழி மட்டும் எடுத்து, வேருக்கு மேலால பீம் போட்டுக் கட்டலாம், செலவு கொஞ்சம்தான் கூட.

மாரிக்கு முதல் இன்னும் ரெண்டு. காலமை கூட்டுற சருகை வேம்படியில குவிச்சுக் கொளுத்துற பழக்கம் இருந்தால் இண்டையோட நிப்பாட்டுங்கோ, மூண்டாவது படத்தில தண்டின்ர ஒரு பக்கம் கறுத்துக் கிடக்கு. சருகைக் கொளுத்தாமல் தண்டில முட்டாமல் சுத்திவரப் பரப்பி விடுங்கோ, மழை வருமட்டும் கிழமைக்கு ஒருக்கா கொப்பு நிழல் முடியிற வட்டத்தில தண்ணி விடுங்கோ, அடியில இல்லை. யூரியா ஒண்டும் வேண்டாம்.

மழை தொடங்கின பிறகு காத்தடிக்கேக்க விறாந்தையில நிண்டு மேல கொப்பைப் பாக்காதேங்கோ, கொப்பு ஆடத்தான் செய்யும். அடியில, மதிலுக்கும் மரத்துக்கும் நடுவில இருக்கிற மண்ணைப் பாருங்கோ. ஒவ்வொரு இழுவைக்கும் அந்த மண் மூச்சு விடுற மாதிரி எழும்பி எழும்பி இருந்தால், இல்லை தண்டைச் சுத்தி வில்லு மாதிரி ஒரு வெடிப்பு புதுசா ஓடினால், அது வேர்த்தட்டு கிளம்புறது, ஒரு மணித்தியாலமும் யோசிக்க வேண்டாம், வடக்கு அறையை விட்டிட்டு வெளிக்கிடுங்கோ, 117 க்கு அடிச்சு அனர்த்த முகாமைத்துவ ஆக்களுக்குச் சொல்லுங்கோ. ஒண்டும் நடக்காட்டிலும் புயல் எச்சரிக்கை வந்த இரவுகளில தெற்கு அறையில படுங்கோ. இந்த ஒரு மாரிக்கு மட்டுமாவது.

என்ர முடிவைக் கேட்டால், அடியில காளான் இல்லை, கோடாலி ஒரு வேரிலதான் விழுந்தது, பொந்துச் சுவர் 5 இஞ்சிக்கு மேல எண்டால் வேம்பை வச்சிருங்கோ, குறைச்சு, மேடையை எடுத்து, ரெண்டு மாரி பாப்பம். இந்த மூண்டில ரெண்டு சரிவராட்டில் மகன் சொல்லுறதுதான் சரி, நானே வந்து ஆளைக் காட்டித் தாறன், அதுவும் ஐப்பசிக்கு முதல். படத்தை வச்சுச் சொல்லுறது பாதிதான். மேடையை உடைச்சு வேர் விரியிற இடம் தெரிஞ்ச உடன நாலு பக்கத்தாலயும் படம் எடுங்கோ, பக்கத்தில ஒரு அடிமட்டத்தை வச்சு. மண்ணை மூடிப்போட்டு அனுப்பவேண்டாம், மூட முதல் அனுப்புங்கோ.